அம்மா ரவுண்டு

கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிற எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் பை பிடிப்பவராக இருப்பார். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பதவி இல்லை அது. ராஜினாமா செய்யவும் வழி கிடையாது. மற்றவர்கள் தலைகீழாகத் தொங்கிக் கத்தித் தீர்த்துவிட்டு வரும்வரை அவர்களுடைய செல்போன், கண்ணாடி, தொப்பி, பாதி தின்ற ஐஸ்கிரீம், ஈரமான சாக்ஸ் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருக்க வேண்டும். "நீயும் வாயேன்" என்று பேச்சுக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் பையை யார் பிடிப்பது?

நம்ம பெட்டகமும் அப்படி ஒரு பை பிடிப்பவள்தான். பெட்டகம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, பூங்காவில் கூட உட்காருகிறவர்கள் வைத்த பெயர். அவள் தோளில் தொங்கும் பழுப்பு நிறப் பையில் கையை விட்டால் தலைவலி மாத்திரை வரும், ஊசி நூல் வரும், குடை வரும், யாரோ போன மாதம் தொலைத்த ஒற்றைக் கம்மலும் வரும். அவளுக்கு வேலை பல் ஆஸ்பத்திரியில், முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்து நேரம் குறித்துக் கொடுப்பது. வாரம் முழுக்க பயந்தவர்களைப் பார்த்து "ஒன்னும் ஆகாது, போய் உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லி அவள் குரலே மெதுவாகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பத்தோடு பூங்கா. பழைய கார் வாங்கி விற்கும் கணவர், கல்லூரியில் சேர்ந்திருந்த மகன், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கும் மகள், அப்புறம் இவள். நாலு பேருக்கும் சீசன் பாஸ். சீசன் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று டிக்கெட் கட்டடத்தின் மாடியில் ஒரு லவுஞ்ச் உண்டு. கார்டைத் தட்டினால் கண்ணாடிக் கதவு திறக்கும். உள்ளே குளிர்ச்சி, மெத்தென்ற சோபா, ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்து இழுத்துக் காப்பி துப்பும் ஒரு மிஷின், நீள ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே கருநாகம். அதுதான் அந்தப் பூங்காவின் பெரிய ரோலர் கோஸ்டர்.

கணவரும் பிள்ளைகளும் லவுஞ்சுக்கு வருவது தண்ணீர் குடிக்கவும் பையைத் தள்ளிவிட்டுப் போகவும்தான். பெட்டகத்துக்கோ அந்த ஜன்னல் ஓரச் சோபா ஒரு சின்ன சொர்க்கம். வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது; சும்மா உட்கார்ந்தால் யாராவது எதையாவது கேட்பார்கள். இங்கே யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை. கூட இரண்டு பேர் உண்டு. ஒருவர் பேக்கரிக்காரர், அவர் மனைவியும் மூன்று மகள்களும் ராட்டினப் பைத்தியங்கள். இன்னொருத்தி நர்ஸ், கல்யாணமாகி வந்த வீட்டில் மாமனார் முதல் கொழுந்தன் வரை எல்லோரும் மேலே ஏற, இவள் கீழே.

மூன்று பை பிடிப்பவர்களும் சேர்ந்து அந்த மூலையில் ஒரு தனி ராஜ்ஜியமே நடத்தினார்கள். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் பையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். கருநாகம் உச்சிக்கு ஏறும்போது மூவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். அது கவிழ்ந்த மறு நொடி பேக்கரிக்காரர் விரலைத் தூக்குவார்.

"அதோ, அது எங்க வீட்டம்மா. மூணாவது பெட்டி."

"எப்படி சார் கரெக்டா சொல்றீங்க?" என்று நர்ஸ் ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

"வீட்ல தினமும் கேக்கற சத்தம்தானே!"

பெட்டகம் கருநாகத்தில் ஏறியதே இல்லை. காரணம் கேட்டால் அவள் வீட்டில் யாரும் சொல்வார்கள்: "அம்மாவுக்குப் பயம்." அந்தப் பயம் எப்படி வந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பெட்டகத்துக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால், முதன்முதலாக வந்த அன்று, கருநாகத்தின் வரிசையில் நின்று வாசல் வரை போய்விட்டார்கள். மகள் அப்போது கைக்குழந்தை, இவள் இடுப்பில். "மேடம் வரலையா?" என்று வாசலில் நின்ற ஆள் கேட்டான். இவள் வாயைத் திறப்பதற்குள் கணவர், "அவளுக்குப் பயம்ங்க" என்று சொல்லி மகனையும் அவள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். குழந்தை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இதுதான் சின்ன வாக்கியம், சட்டென்று வாயில் வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மரியாதைக்கு இவளும் சிரித்தாள்.

குழந்தை இடுப்பை விட்டு இறங்கி, நடந்து, ஓடி, இப்போது அம்மாவை விட உயரமாக வளர்ந்துவிட்டது. அந்த வார்த்தை மட்டும் இறங்கவே இல்லை.

சரி, ஏறாதவளுக்கு எதற்கு சீசன் பாஸ் என்கிறீர்களா? அங்கேதான் அந்த வீட்டாரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சீசன் பாஸ்காரர்களுக்குக் கருநாகம் உட்பட எல்லா ராட்டினத்திலும் தனி வாசல். கூட்டத்தில் கால் கடுக்க நிற்க வேண்டாம், கார்டைத் தட்டிவிட்டு நேரே போகலாம். ஆனால் ஒரு தடவை தட்டினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கார்டுக்கு ஓய்வு. பூங்காவின் பெரிய வாசலில்தான் முகத்தைப் பார்ப்பார்கள். ராட்டின வாசலில் கார்டைப் பார்ப்பது வெறும் மிஷின், அதற்கு யார் முகமும் தெரியாது. ஆகவே பெட்டகத்தின் கார்டு அவள் பையின் வெளி ஜிப்புக்குள் சும்மாவா கிடக்கும்? அதற்கு வீட்டில் பெயரே வைத்துவிட்டார்கள்: அம்மா ரவுண்டு.

"அம்மா ரவுண்டு இப்ப எனக்கு!"

"போன மணி நேரம் நீதானே போன? இப்ப அப்பாவுக்கு."

அவரவர் கார்டைக் கப்பல், கோபுரம் என்று கண்ட ராட்டினத்திலும் செலவழிப்பார்கள். அம்மா ரவுண்டு மட்டும் கருநாகத்துக்கென்றே ஒதுக்கியது. மூன்று பேர் மாற்றி மாற்றி எடுத்ததில் ஒரு மணி நேரம்கூட அந்தக் கார்டு வீணாகவில்லை. யாராவது வந்து ஜிப்பைத் திறப்பார்கள், எடுப்பார்கள், போவார்கள். பெட்டகம் பையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுப்பாள். "பத்திரமா போயிட்டு வாங்க" என்பாள். அவ்வளவுதான்.

சீசன் முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூவரும் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது லவுஞ்சின் கதவைப் பார்த்துக்கொள்ளும் நீலக் கோட்டுப் பெண் ஒரு கேக்கையும் காகிதக் கிரீடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் நாலைந்து ஊழியர்கள் கை தட்டிக்கொண்டு வந்தார்கள்.

"மேடம், வாழ்த்துக்கள்! இந்த சீசன்ல கருநாகத்துல அதிக தடவை ஏறினது நீங்கதான். உங்க கார்டுதான் முதல்ல வந்திருக்கு!"

பேக்கரிக்காரருக்குக் காப்பி புரை ஏறியது. "யாரு? இவங்களா?" என்று ஆரம்பித்தவரின் காலை நர்ஸ் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சூறாவளி திறக்கறோம் மேடம். புது ராட்டினம், கருநாகத்தை விட உயரம். முதல் ரவுண்டு, முன் வரிசை, உங்களுக்கு! போட்டோ எடுத்து இதே சுவத்துல மாட்டுவோம். மேனேஜரே வரார்."

கிரீடம் தலையில் ஏறியது. பெட்டகம் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த கணவரும் பிள்ளைகளும் விஷயத்தைக் கேட்டுப் பேயறைந்த மாதிரி நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கதவு ஓரத்தில் அறிவிப்புப் பலகை தொங்கியது. ஒருவர் தன் கார்டை இன்னொருவருக்குக் கொடுத்தால் குடும்பத்தின் பாஸ் முழுவதும் ரத்து, மறுபடி கிடையாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இத்தனை நாளாக அதை வாராவாரம் தாண்டிப் போனவர்கள் அன்றுதான் முதல்முறையாகப் படித்தார்கள்.

பெட்டகத்துக்கு ராட்டினம் போனால் போகட்டும். ஆனால் அந்த ஜன்னல் ஓரச் சோபா போய்விடுமே!

வீட்டில் அந்த வாரம் முழுக்க மாநாடுதான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றான் மகன். அப்படியானால் வேறொரு நாள் கூப்பிடுவார்கள், அன்றும் மாட்டுவோம் என்றாள் மகள். கடைசியில் கணவர் மேஜையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார்.

"மயக்கம் போட்டுடு. அதான் சரி. மேடை வரைக்கும் போ, போட்டோவுக்கு நில்லு. ஏறப்போற நேரத்துல பொத்துனு விழுந்துடு. நாங்க ஓடி வந்து தூக்கிடறோம். கேஸ் முடிஞ்சுது."

"நான் எங்க விழறது?"

"நீ ஒன்னும் யோசிக்க வேணாம். விழுந்தா மட்டும் போதும்."

கூடத்தில் மெத்தையை விரித்து ஒத்திகை நடந்தது. மகன் நெற்றியில் கையை வைத்துச் சுழன்று விழுந்து காட்டினான். பெட்டகம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் மயங்கி விழுந்து பார்த்திருக்கிறாள்! நிஜமாக மயங்குகிறவர்கள் நெற்றியில் கை வைப்பதில்லை; முகம் வெளுத்து, வேர்த்து, முழங்கால் மடங்கி உட்கார்ந்தபடியே சரிவார்கள். அப்படியே சரிந்து காட்டினாள். வீடே கை தட்டியது. "அம்மா சூப்பர்! நிஜமாவே செத்த மாதிரி இருந்துச்சு!" என்றான் மகன்.

மெத்தையில் கிடந்தபடி பெட்டகம் காற்றாடியைப் பார்த்தாள். எப்படி விழுவது, எந்தப் பக்கம் விழுவது, யார் தலையைப் பிடிப்பது, யார் தண்ணீர் தெளிப்பது என்று எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள். ஏறித்தான் பார்க்கிறாயா என்று ஒரு வாய்? ஊஹூம். கேட்பார்கள், நாளைக்குக் கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். திங்கள் போனது, செவ்வாய் போனது, யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. சும்மா முணுமுணுப்பு இல்லை, நல்ல சூடான கோபம். இவ்வளவு கோபம் தனக்குள் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் வந்தார். கதவை மறைக்கிற உடம்பு, லாரி டிரைவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். நாற்காலியைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி திரும்பி வெளியே வந்துவிட்டார்.

"எனக்குப் பயம்ங்க மேடம். நான் போயிடறேன்."

"பயமா இருந்தா என்ன? பயத்தோடவே உக்காருங்க," என்றாள் பெட்டகம், தன் வழக்கமான மெதுவான குரலில். "கண்ணை மூடாதீங்க. மூச்சை வெளிய விடுங்க. பயந்தவங்க உக்காரக் கூடாதுன்னு யார் சொன்னது?"

தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிற பேச்சு, அன்றைக்குத்தான் அவள் காதிலும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சூறாவளியின் முன்னால் கூட்டம் அலைமோதியது. வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். ஒல்லியான மேனேஜர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தித் தளர்த்தி வேர்வையைத் துடைத்தார். லவுஞ்சிலிருந்து பை பிடிப்பவர்கள் எல்லோரும் அவரவர் சுமையோடு கீழே இறங்கி வந்து முன்வரிசையில் நின்றார்கள். பேக்கரிக்காரரின் கழுத்தில் மட்டும் நாலு பை. பெட்டகம் காகிதக் கிரீடத்தோடு மேடைப் படியில் ஏறினாள். கூடவே தாங்கிப் பிடிக்கிற தோரணையில் கணவர், பின்னால் பிள்ளைகள். கடைசிப் படி வந்தது. கணவர் கண்ணைக் காட்டினார். இப்போது விழு என்று அர்த்தம்.

பெட்டகம் நின்றாள். தோளிலிருந்து பையைக் கழற்றினாள்.

"இந்தாங்க, புடிங்க."

"என்னது?"

"பை. புடிங்க. கீழ வைக்காதீங்க, உள்ள உங்க கண்ணாடி இருக்கு."

"ஏய், என்ன பண்ற? விழு!" என்று அவர் பல்லுக்குள்ளேயே அதட்டினார்.

"அம்மா, நீ என்ன..." மகன் கையைப் பிடித்தான். "இது யார் ரவுண்டும்மா? நீ ஏறப்போறியா?"

"இது அம்மா ரவுண்டு," என்றாள் பெட்டகம். "அம்மாதான் போகணும்."

கணவர் இரண்டு கையாலும் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறந்த குழந்தையை முதல்முறையாகக் கையில் வாங்கியவர் மாதிரி. "பக்கத்து சீட்டு யாருங்க? துணைக்கு ஒருத்தர் வரலாம்" என்றான் ராட்டின ஊழியன். குடும்பத்தில் மூன்று பேரும் நைசாகப் படியிறங்கிக் கீழே போய் நின்றுகொண்டார்கள். முன்வரிசையிலிருந்து நர்ஸின் குரல்தான் வந்தது.

"அக்கா! நான் வரட்டுமா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட அவள் நிற்கவில்லை. மாமனாரின் மூக்குக்கண்ணாடியையும் கொழுந்தன்களின் செல்போன்களையும் பேக்கரிக்காரரின் கழுத்தில் மாட்டிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். கம்பி இறங்கி இருவர் மடியிலும் பூட்டியது. நர்ஸ் பெட்டகத்தின் பக்கம் ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, பயமா இருக்கு."

"எனக்கும்தான். கண்ணை மூடாத. மூச்சை வெளிய விடு."

வண்டி கடகடவென்று ஏறத் தொடங்கியது. மரங்கள் கீழே போயின, கொடிகள் கீழே போயின, கருநாகத்தின் உச்சியும் கீழே போனது. ஒரு பக்கம் லவுஞ்சின் நீள ஜன்னல் தெரிந்தது. அதற்குள் அவளுடைய மூலை, சோபா. இங்கிருந்து பார்க்க அது தீப்பெட்டி அளவுதான் இருந்தது. இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்துகொண்டா இதை அண்ணாந்து பார்த்தோம் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் உச்சி வந்துவிட்டது. ஒரு கணம் எல்லாம் நின்றது.

பிறகு பூமி காலடியிலிருந்து கழன்று விழுந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவளுக்குப் பயம்தான். கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள், கிரீடம் பறந்தே போய்விட்டது. ஆனால் அந்தப் பயத்துக்கு உள்ளேயே ஒரு குஷி இருந்தது. அது அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த தின்பண்டம் மாதிரி இருந்தது. அதைத்தான் இவ்வளவு நாளாக வீட்டில் மூன்று பேர் பங்கு போட்டுத் தின்றிருக்கிறார்கள்! பெட்டகம் வாயைத் திறந்தாள். பல் ஆஸ்பத்திரியின் மெதுவான குரல் எங்கே போனதோ தெரியாது, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் வந்தது.

"டேஏஏஏய்!"

யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கணவருக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது, அது இன்றைக்கும் இருக்கிறது.

கீழே நின்ற பேக்கரிக்காரர் பைகளுக்கு நடுவிலிருந்து விரலைத் தூக்கினார். "அதோ! அது நம்ம பெட்டகம்! முன் வரிசை!" என்று கத்தினார். பை பிடிப்பவர்கள் கூட்டமே கையில் இருந்ததையெல்லாம் ஆட்டிக்கொண்டு ஆர்ப்பரித்தது. யாருடைய ஐஸ்கிரீமோ பறந்தது.

வண்டி வந்து நின்றபோது பெட்டகத்தின் முடி நட்டுக்கொண்டு நின்றது, முகம் ஜொலித்தது. மேனேஜர் மைக்கை நீட்டினார்.

"கருநாகத்தோட ராணி! கீழ நிக்கற எல்லாருக்கும் சொல்லுங்க மேடம். இத்தனை தடவை ஏறியும் உங்களுக்கு அலுக்கவே இல்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பாஸும் இருக்கும், சோபாவும் இருக்கும், போட்டோவும் இருக்கும். கணவர் கீழே நின்று தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். ஆனால் பெட்டகத்துக்கு அது பிடிக்கவில்லை. இப்போதுதான், இந்தக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான், அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஏறி இறங்கியிருக்கிறாள். இதைப் போய் எத்தனையாவதோ தடவை என்று எழுதிக் கொடுப்பதா? முடியாது. இந்த ஒன்று மட்டும் சுத்தமாக அவளுடையது.

"அலுக்கறதுக்கு நான் எங்க ஏறினேன்?" என்றாள் மைக்கில். "கார்டு என்னோடது. முறையும் என்னோடது. ஏறினது நான் இல்ல. நான் ஏறினது இன்னிக்குத்தான், இதுதான் முதல் தடவை."

கூட்டம் கப்சிப் என்றானது. வாத்தியக்காரர்களில் ஒருவர் மட்டும் தெரியாமல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், இதுல விதி இருக்கு, தெரியுமில்ல? கார்டை நீங்க குடுத்திருந்தா எல்லாருடைய பாஸும் ரத்து. உங்களைக் கேக்காம எடுத்திருந்தா எடுத்தவங்க மேல மட்டும்தான் நடவடிக்கை." குரலைத் தணித்துக் கேட்டார். "சொல்லுங்க. நீங்க குடுத்தீங்களா?"

பெட்டகம் கணவர் கையில் இருந்த பையைப் பார்த்தாள். அவர்கள் எடுத்தது அவளுக்குத் தெரியும். பையைச் சாய்த்துக்கூடக் கொடுத்திருக்கிறாள். ஆனால் கொடுத்தாளா? கொடுப்பதற்கு முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டுமே. பிள்ளைகளை மாட்டிவிடவும் மனம் வரவில்லை.

அப்போது மகள் படியேறி வந்தாள், பல வருஷங்களுக்கு முன்னால் இடுப்பில் இருந்த அதே குழந்தை. முகமெல்லாம் சிவந்து கண் கலங்கியிருந்தது.

"அம்மா குடுக்கல சார். நாங்கதான் எடுத்தோம். ஒரு தடவைகூட கேட்டதில்ல. கார்டை எடுக்கட்டுமான்னும் கேக்கல, நீ வரியான்னும் கேக்கல."

மேனேஜர் மகளைப் பார்த்தார், பெட்டகத்தைப் பார்த்தார், பையைக் கட்டிக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்தார், பிறகு முன்வரிசையில் மூட்டை முடிச்சோடு முறைத்துக்கொண்டு நின்ற அந்தப் படையையும் பார்த்தார். மனுஷன் புத்திசாலி. மைக்கை வாங்கி அங்கேயே அறிவித்துவிட்டார். எடுத்த மூன்று பேருக்கும் அடுத்த சீசன் முடியும்வரை லவுஞ்சும் கிடையாது, தனி வாசலும் கிடையாது; எல்லோரையும் போல வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கார்டுக்குச் சொந்தக்காரருக்கு எல்லாம் உண்டு. பிறகு எழுந்த கைதட்டலில் வாத்தியச் சத்தமே கேட்கவில்லை.

போட்டோ லவுஞ்சின் சுவரில் இப்போதும் தொங்குகிறது. பெட்டகத்தின் வாய் குகை மாதிரி திறந்திருக்கும், பக்கத்தில் நர்ஸ் கண்ணை மூடாமல் இருக்கப் பாடுபடுவது தெரியும். கீழே ராணி என்று போடலாமா என்று நீலக் கோட்டுப் பெண் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டே வார்த்தை எழுதச் சொன்னாள் பெட்டகம்: முதல் ரவுண்டு.

புது சீசன் தொடங்கியது. சூறாவளியின் வாசலுக்கு எதிரே ஒரு சிமெண்ட் பெஞ்சு, பாதிக்கு மேல் வெயில். பிள்ளைகள் பொது வரிசையில் எங்கேயோ நெளிந்துகொண்டிருக்க, கணவர் அந்தப் பெஞ்சில் நிழல் இருந்த நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். மடியில் பழுப்புப் பை, தோளில் மகளுடைய பை, கையில் மகனின் தொப்பி. முதல் இரண்டு வாரம் எந்த ஜிப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தவித்தவர், இப்போது பார்க்காமலே தலைவலி மாத்திரையை எடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

பெட்டகம் லவுஞ்சிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தாள். குடிக்கக் கொடுத்துவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றினாள். அவர் கேட்காமலே வாங்கி, துடைத்து, உறையில் போட்டுப் பக்க ஜிப்பில் வைத்தார்.

தனி வாசலில் நின்ற ஊழியன் இருவரையும் பார்த்துச் சிரித்தான். "சார் வரலையா மேடம்?"

அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவருக்குப் பயம்ங்க. எத்தனை வருஷமாக உள்ளே கிடந்து பழுத்த வாக்கியம்! எடுத்து வீசினால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், மரியாதைக்கு அவரும் சிரிப்பார். பெட்டகம் அதை அப்படியே விழுங்கினாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வரீங்களா? இன்னிக்கு சீசன் பாஸ்காரங்க துணைக்கு யாரை வேணும்னாலும் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலாமாம். முன் வரிசை."

கணவர் அண்ணாந்து சூறாவளியின் உச்சியைப் பார்த்தார். பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"இல்லம்மா," என்றார், சின்னக் குரலில். "நான் எப்பவுமே நடு வரிசைதான். கண்ணையும் மூடிக்குவேன். எனக்கு... எனக்குப் பயம்."

பெட்டகம் சிரிக்கவில்லை. அவர் தோளில் நழுவிக்கொண்டிருந்த பையின் வாரை மேலே இழுத்துச் சரியாக மாட்டிவிட்டாள்.

"அதனால என்ன? கேட்டுப் பாக்கலாம்னுதான். அடுத்த வாரமும் கேப்பேன்."

"பத்திரமா போயிட்டு வா," என்றார் அவர்.

அவள் தன் கார்டைத் தட்டினாள். கதவு திறந்தது. வீசும் கையோடும் வெறும் தோளோடும் பெட்டகம் உள்ளே போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள்.